எரிந்த வண்டியின் காவல் பெட்டி

அத்தியாயம் 4

"டீச்சர், வாயைத் திறந்து ஏதாவது பேசிடுங்க. இல்லேன்னா நான் பேச ஆரம்பிச்சிடுவேன். அப்புறம் யார் வந்தாலும் நிறுத்த முடியாது" என்றான் ஒட்டடை, காரை ஓட்டிக்கொண்டே.

"கிளம்பினதுலேர்ந்து அதைத்தானேடா பண்ணிட்டு வர்றே" என்றார் அவன் பக்கத்தில் இருந்த சர்வேயர். "ரோட்டைப் பாரு."

பின் சீட்டில் இருந்த டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டாள் என்றால் காதில் விழுந்தது, அவ்வளவுதான். சிரிக்க வேண்டிய இடம் எது என்று அவளுக்குத் தெரிந்தது. சிரிப்புதான் வரவில்லை. போன மாதம் கணவர் இறந்த பிறகு எல்லாமே இப்படித்தான் நடந்தது. சாப்பாடு உள்ளே போகும், ருசி தெரியாது. காய் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வெட்டியதே தெரியும். இன்னும் ஒரு சொட்டு அழவில்லையே என்று சொந்தக்காரர்கள்தான் கூடிக் கூடிப் பேசினார்கள். அவளுக்கு அந்தக் கவலையும் இல்லை.

சர்வேயர் என்பது முன் சீட்டு அம்மாளின் பழைய வேலை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்தது, உடைந்தது, முழுகியது எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்து, தானாக எரிந்ததா, எரித்தார்களா என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒட்டடை என்பது அவர் தன் உதவியாளனுக்கு வைத்த பட்டப்பெயர். நாற்பதைத் தாண்டியவன், நெட்டை, பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஆள் இருப்பதே தெரியாது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவன் தலைதான் அங்கே இருக்கிற ஒட்டடையைச் சுத்தம் செய்யும்.

இவர்களிடம் டீச்சர் கொண்டுவந்தது ஒரே ஒரு கேள்வி.

"நான் அதை மாட்டினேனா, மாட்டலையா? எந்தப் பதிலா இருந்தாலும் பரவாயில்லை. எனக்குத் தெரிஞ்சாகணும்."

'அது' என்றது ஒரு பெட்டியை. டீச்சரின் கணவர் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய கேரவன் வண்டியை வாங்கினார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. "இத்தனை வருஷம் மத்தவங்க மணி அடிச்ச இடத்துல நிறுத்தினேன். இனிமே எனக்குப் பிடிச்ச இடத்துல நிறுத்துவேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வண்டியோடு அந்தப் பெட்டியையும் புதிதாக வாங்கினார். கேரவன்கள் தங்கும் முகாம்களில் வண்டிக்கு ஒரு மின்கம்பம் உண்டு. அதிலிருந்து வரும் கரண்ட் எப்போது எகிறும், எப்போது படுக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கம்பத்துக்கும் வண்டியின் கேபிளுக்கும் நடுவில் இந்தப் பெட்டியை மாட்டிவிட்டால், கரண்ட் எல்லை மீறிய அந்த நொடியே வெட்டிவிடும். உள்ளே ஒரு பல்பு கூடப் போகாது. அவர் அதற்கு வைத்த பெயர் காவல் பெட்டி.

முதல் பயணம், முதல் முகாம். வந்து சேர்ந்த காலையில் அவருக்குக் காய்ச்சல். அதனால் பெட்டியை மாட்டும் வேலை டீச்சருடையதாயிற்று. மத்தியானம் அவள் துணி துவைக்கும் கொட்டகையில் இருந்தபோது, முகாமின் பெரிய மின்பெட்டியில் நியூட்ரல் கம்பி கழன்றுகொண்டது. அது போனால் மிச்சக் கம்பிகளில் கரண்ட் தாறுமாறாக ஏறும். வரிசை முழுக்க ஏறியது. அவர் படுத்திருந்த கட்டிலுக்கு அடியில் இருந்த பேட்டரி சார்ஜர் பற்றிக்கொண்டது. காய்ச்சல் மாத்திரை போட்டுத் தூங்கியவருக்குப் புகை நெடி தெரியவில்லை. ஆட்கள் ஓடிவந்து வெளியே தூக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் போலீஸ் வந்து பார்த்தபோது காவல் பெட்டி கம்பத்தில் இல்லை. வண்டியின் வெளிப்பக்கம் இருக்கும் சாமான் அறையில், பூட்டிய கதவுக்குப் பின்னால், வயரைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "அண்ணி, பரவாயில்லை. இது யாருக்கும் மறக்கிறதுதான்" என்றார் கொழுந்தனார். நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்தப் பரவாயில்லையைக் கேட்ட நிமிஷத்தில்தான் டீச்சருக்கு உள்ளே எல்லாம் மரத்துப் போனது. மாட்டியதாகத்தான் ஞாபகம். ஆனால் எத்தனை பிள்ளைகள் "டீச்சர், நான் போட்டேன் டீச்சர்" என்று கணக்கே போடாத நோட்டை நீட்டியிருக்கிறார்கள்? அவர்களும் பொய் சொல்லவில்லை. போட்டதாகவே நம்பியவர்கள்தான் பாதிப் பேர்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட உங்களுக்குப் பிடிக்காத விஷயம் என்ன?" என்று சர்வேயர் திடீரென்று கேட்டார்.

"மேடம், துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட கேட்கிற கேள்வியா இது?" என்றான் ஒட்டடை.

"பிடிச்சதை எல்லாரும் சொல்லிடுவாங்கடா. அதுல துப்பு கிடைக்காது."

டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். "எதையாவது யாருக்காவது கொடுத்துட்டு வந்துடுவார். குடை, வண்டி ஜாக்கி, என்னோட ஸ்வெட்டர். என்கிட்ட சொல்லவும் மாட்டார். நான் தேட ஆரம்பிச்சா, 'இங்கேதானே எங்கேயோ வெச்சேன்'னு என்கூடச் சேர்ந்து தேடுற மாதிரி நடிப்பார்."

"ஸ்வெட்டரைக் கூடவா?"

"டிப்போவுல கூட்டுற அம்மாவுக்கு. குளிருதுன்னாங்களாம்."

கார் முகாமுக்குள் நுழைந்தது.

முகாம் மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். வரவேற்கிற முகம் இல்லை. இறங்குவதற்குள் கையை நீட்டி அறிவிப்புப் பலகையைக் காட்டினார். காவல் பெட்டி இல்லாமல் மின்சாரம் எடுத்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"போர்டு போட்டிருக்கோம். படிக்காதவங்களுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

ஒட்டடை பலகைக்குப் பக்கத்தில் போய் மூக்கை உறிஞ்சினான். "படிக்கிறதுக்கு முன்னாடி பெயின்ட் காயணுமே சார். எப்போ எழுதினது, நேத்தா?"

மேனேஜர் அது காதில் விழாதவர் போல முன்னால் நடந்தார்.

வரிசையில் நாலு இடங்கள். முதல் இரண்டும் காலி. அன்றைக்கு ஃபிரிட்ஜும் அடுப்பும் கருகிப்போய், சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் நின்ற இடங்கள். மூன்றாவதில் டீச்சரின் வண்டி. அதன் மேல் நீலத் தார்ப்பாய் போர்த்தி, நாலு மூலையிலும் கயிறு இழுத்து, மழைத்தண்ணீர் இறங்காதபடி நேர்த்தியாகக் கட்டியிருந்தது. நாலாவதில் ஒரு சின்ன கேரவன். அதன் ஜன்னலில் திரை லேசாக அசைந்து நின்றது. டீச்சர் தன் வண்டியைப் பார்த்தாள். யாரோ தெரியாதவர்களின் வண்டியைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"தார்ப்பாய் யார் கட்டினது?" என்று கேட்டார் சர்வேயர்.

"எங்க ஆளுங்க இல்லை. போலீஸா இருக்கும்."

"போலீஸ் இவ்வளவு அழகா முடிச்சுப் போட்டா ஒரு திருடன்கூடத் தப்பிக்க மாட்டானே" என்றான் ஒட்டடை.

"இங்க பாருங்க" என்று மேனேஜர் சலித்துக்கொண்டார். "எதுக்கு இந்த ஆராய்ச்சி? பெட்டி உள்ளே இருந்துச்சு. கதவு பூட்டியிருந்துச்சு. சாவி புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர்கிட்டயும்தான். வெளியாள் தொட்டிருக்கவே முடியாது. இந்தம்மா மாட்ட மறந்துட்டாங்க. பாவம்தான், நான் இல்லேங்கலை. ஆனா அதுதான் நடந்தது."

ஒட்டடை சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டிச் சாவியை எடுத்தான். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, சாமான் அறையின் பூட்டில் நுழைத்துத் திருகினான். கதவு மறுப்புச் சொல்லாமல் திறந்தது.

மேனேஜர் வாயைப் பிளந்தார். "அந்தம்மா கொடுத்த சாவியா?"

"இல்லை" என்றாள் டீச்சர். அவள் சாவி அவள் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினாள்.

"போன வருஷம் வேற ஊர்ல, வேற கேரவன், வேற கேஸ். அந்த வண்டியோட சாவி இது" என்றான் ஒட்டடை. "திருப்பிக் கொடுக்க மறந்துட்டேன். யாருக்கும் மறக்கிறதுதானே."

சர்வேயர் அவனை முறைத்துவிட்டு விளக்கினார். "இந்த வண்டிகளைக் கட்டுறவங்க நிறையப் பேர் வெளி அறைக்கு ஒரே மாதிரிப் பூட்டைத்தான் வாங்கிப் போடுறாங்க. ஒரு சாவி இருந்தா வரிசையையே திறந்துடலாம். கேரவன்ல குடியிருக்கிறவங்க எல்லாருக்கும் இது தெரியும். போலீஸுக்குத் தெரியாது. அதனால பூட்டியிருந்ததுங்கிறது ஒரு சாட்சியே இல்லை, மேனேஜர் சார்."

பெட்டி அங்கேயே இருந்தது. சும்மா கிடந்த சாமான் என்ன சாட்சி சொல்லப்போகிறது என்று போலீஸ் அதை எடுத்துக்கூடப் போகவில்லை. பக்கத்தில் அதோடு வந்த கையேடும் கிடந்தது. சர்வேயர் பெட்டியை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தார். ஒட்டடை காரிலிருந்து ஒரு மேஜை ஃபேனைக் கொண்டுவந்து புல்லில் வைத்தான்.

"வண்டிக்குப் பதிலா இந்த ஃபேன்னு வெச்சுக்குங்க. அன்னிக்குப் பண்ணினதை அப்படியே பண்ணுங்க, டீச்சர்."

மின்கம்பத்தை இப்போது சரிசெய்திருந்தார்கள். டீச்சர் கம்பத்தின் சுவிட்சை அணைத்தாள். பெட்டியின் பிளக்கைக் கம்பத்தில் அழுத்திச் சொருகினாள். ஃபேனின் வயரைப் பெட்டியில் சொருகினாள். சுவிட்சைப் போட்டாள். கைகள் தாமாகச் செய்தன. அவள் யாரோ செய்வதைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபேன் சுற்றவில்லை.

"பார்த்தீங்களா?" மேனேஜருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "பெட்டியே ரிப்பேர்! ஓட்டைப் பெட்டியை வாங்கிட்டு வந்து எங்க மேல..."

"பொறுங்க" என்றாள் டீச்சர். "பெட்டி யோசிக்குது."

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். சர்வேயர் மெதுவாகத் திரும்பினார்.

"இப்போ என்ன சொன்னீங்க?"

"பெட்டி... யோசிக்குதுன்னேன்."

"அது கையேட்டுல போட்டிருக்கா?"

"இல்லை. ரெண்டு நிமிஷம் கரண்ட்டைச் சோதிச்சுப் பார்த்துட்டு, நல்லா இருந்தாத்தான் உள்ளே விடும்னு போட்டிருக்கும். வாங்கின அன்னிக்கு அவர் பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி சத்தமா வாசிச்சார்." டீச்சர் நெற்றியைத் தடவிக்கொண்டாள். "யோசிக்குதுன்னு சொன்னது அவர்தான். இங்கே சொன்னது. நான் மாட்டிட்டு உள்ளே போய் ஃபேன் சுவிட்சைப் போட்டேன். ஃபேன் ஓடலை. செத்த கம்பத்துக்குப் பக்கத்துல கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்களேன்னு கத்தினேன். கம்பளிக்குள்ளேர்ந்து தலையை மட்டும் நீட்டி, 'பொறு டீச்சர், பெட்டி யோசிக்குது'ன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் டக்குனு ஒரு..."

டக்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. புல்லின் மேல் ஃபேன் சுற்றத் தொடங்கியது.

"பெட்டி இல்லாம கேபிளை நேரா கம்பத்துல சொருகியிருந்தா, ஃபேன் அந்த நொடியே சுத்தியிருக்கும்" என்றார் சர்வேயர். "நீங்க காத்திருந்தீங்க. காத்திருந்ததுக்குத் திட்டவும் செஞ்சீங்க. இதுதான் பெட்டியோட முதல் முகாம், வேற ஒரு நாளோட குழப்பிக்கிறதுக்கு வழியே இல்லை. டீச்சர், நீங்க மாட்டினீங்க."

ஒரு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். வந்துவிட்டது. அழுகை வரும், இல்லாவிட்டால் நிம்மதியாவது வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டும் வரவில்லை. "சரி" என்றாள்.

"ஞாபகம்தானே இது!" என்றார் மேனேஜர். "எனக்கும்தான் ஆயிரம் ஞாபகம் இருக்கு. இதை எந்த கோர்ட்டு ஒத்துக்கும்?"

"கோர்ட்டு இதை ஒத்துக்குமான்னு பாருங்க" என்றான் ஒட்டடை. அவன் இவ்வளவு நேரமும் குனிந்து பெட்டியின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மேடம், கரண்ட் அளவு காட்டுது. அதுக்கு அடுத்து ஒரு எழுத்து விட்டு விட்டு மின்னுது. பெட்டிக்குக் கண்ணு துடிக்குதா?"

சர்வேயர் கையேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். டீச்சருக்கு அவரோடு பழக்கம் கொஞ்ச நாள்தான். ஆனால் ஒரு பிள்ளைக்கு விடை கிடைத்துவிட்டால் முகம் எப்படி ஆகும் என்பது அவளுக்குத் தெரியும்.

"முந்தைய தடுப்பு, உயர் மின்னழுத்தம்" என்று வாசித்தார். "கடைசியா எந்த ஆபத்தைத் தடுத்ததுன்னு இந்தப் பெட்டி ஞாபகம் வெச்சுக்குமாம். யாராவது அழிக்கிற வரைக்கும் போகாதாம். போட்டோ எடுடா."

"எடுத்தாச்சு."

"புதுப் பெட்டி. இந்த முகாமைத் தவிர வேற எங்கேயும் வேலை பார்த்ததில்லை. மேனேஜர் சார், உங்க முகாம்ல கரண்ட் எகிறினது எத்தனை தடவை?"

"ஒரே தடவைதான்!" என்றார் மேனேஜர் ரோஷத்துடன். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"அப்போ அந்த மத்தியானம் இது சாமான் அறையில தூங்கலை. ஒரு கம்பத்துல நின்னு, எகிறி வந்த கரண்ட்டைத் தடுத்திருக்கு. ஆனா இந்த வண்டி எரிஞ்சிருக்கு." சர்வேயர் பெட்டியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்போ எந்த வண்டிக்குக் காவல் நின்னது?"

ஒட்டடைதான் முதலில் வாயைத் திறந்தான்.

"யாரோ திருடியிருக்கணும். ஆனா மேடம், திருடினவன் திருப்பிக் கொண்டுவந்து பூட்டியும் வெச்சுட்டா போவான்? என் செருப்பை எடுத்தவன் இன்னும் வரலை. ரெண்டு வருஷமாச்சு."

"திருப்பி வைக்கிறவனுக்கு மனசாட்சி இருக்கு. மனசாட்சி உறுத்தினா என்ன செய்வான்? மழையில நனையுற வண்டிக்குத் தார்ப்பாய் கட்டுவான்." சர்வேயர் வரிசையின் கடைசிப் பக்கம் பார்த்தார். "அந்த வண்டியில என்ன எரிஞ்சது?"

"ஒண்ணும் எரியலை" என்றார் மேனேஜர். "அங்கே இருக்கிற தொப்பிக்காரருக்கு அதிர்ஷ்டம்."

டீச்சர் அவர்களுக்கு முன்னால் நடந்தாள். திருடன் யார் என்று பார்க்கிற ஆத்திரம் எதுவும் அவளிடம் இல்லை. கால் போனது, அவளும் போனாள்.

கதவைத் தட்டுவதற்குள் திறந்தது. வயதானவர், தலையில் துணித் தொப்பி. டீச்சரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு மெஷின் சீராக மூச்சு விடும் சத்தம் வந்தது. யாரோ அதோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, உங்க வண்டி சாமான் அறைச் சாவியைக் கொஞ்சம் கொடுங்க. டீச்சர் வண்டியில போட்டுப் பார்க்கணும்" என்றார் சர்வேயர்.

தொப்பிக்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "போட்டுப் பார்க்க வேணாம்மா. திறக்கும். நான்தான் திறந்து வெச்சேன்."

"பெட்டியை எடுத்ததும் நீங்கதானா?" என்று கேட்டாள் டீச்சர். குரல் வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி இருந்தது.

"எடுக்கலைம்மா." அவர் நிமிர்ந்து பார்த்தார். "கொடுத்தார்."

சர்வேயர் கையில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். அன்று காலையிலிருந்தே விளக்கு ஒரு நேரம் மங்கியது, ஒரு நேரம் கண்ணைக் கூச வைத்தது. மனைவியின் மூச்சு மெஷின் கத்த ஆரம்பித்தது.

"இவர்கிட்டதான் ஓடினேன்" என்று தொப்பியால் மேனேஜரைக் காட்டினார். "மத்தியானம் ஆளை அனுப்புறேன்னார். திரும்பி வரும்போது டிரைவர் ஐயா கம்பளியைப் போர்த்திக்கிட்டுப் படியில உட்கார்ந்திருந்தார். நீங்க துணி துவைக்கப் போயிருந்தீங்க. ஏன் முகம் இப்படி இருக்குன்னு கேட்டார். சொன்னேன். எழுந்து வந்து அவரே பெட்டியைக் கழட்டி, அவர் கேபிளை நேரா கம்பத்துல சொருகினார். வேணாம்னேன்மா. சத்தியமா வேணாம்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"எனக்கு ஓடுறது ஒரே ஒரு ஃபேன், அது எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகட்டும், உங்க வீட்டுல ஓடுறது ஃபேன் இல்லையேன்னார்." தொப்பிக்காரர் தொப்பியைக் கையில் சுருட்டினார். "அப்புறம்... சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க, டீச்சர் பார்த்தா என்னைத் தொலைச்சுடுவான்னு சிரிச்சார்."

சர்வேயர் கண்ணை மூடித் திறந்தார். "கட்டிலுக்கு அடியில இருக்கிற சார்ஜரை மறந்துட்டார். அதுக்கு சுவிட்சே கிடையாது, கேபிளை மாட்டிட்டா அது பாட்டுக்குக் கரண்ட்டை இழுத்துக்கிட்டே இருக்கும். பஸ் டிரைவர் இல்லையா, வண்டி ஓடினாத்தான் பேட்டரி ஏறும்னு பழகிப் போச்சு. ஃபேன் மட்டும்தான்னு நினைச்சுட்டார்."

"மூணு வண்டியில கருகல் வாசனை வந்தப்போ என் வண்டியில பெட்டி டக்குனு வெட்டிடுச்சு" என்றார் தொப்பிக்காரர். "மெஷின் அதோட பேட்டரிக்கு மாறி ஓடுச்சு. நான் வெளியே ஓடிவந்து பார்க்கிறதுக்குள்ள..." முடிக்காமல் நிறுத்தினார். "மறுநாள் விடியறப்போ அதைக் கொண்டுபோய் வெச்சேன். போலீஸ் அதைப் பார்த்துட்டு உங்க மேலே பழியைப் போடும்னு எனக்குத் தோணவே இல்லை. தோணின பிறகு சொல்ல தைரியம் வரலை. சொன்னா இவளுக்குத் தெரிஞ்சுடும். யாரோட மூச்சை நான் விட்டுக்கிட்டிருக்கேன்னு இவ கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"எனக்குத் தெரியும்" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல்.

தொப்பிக்காரர் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜன்னல் வழியா அந்தப் பெட்டி எனக்குத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. அன்னிக்குச் சிவப்பு விளக்கு எரிஞ்சது. மறுநாள் பெட்டி இல்லை. நீங்க தினமும் அந்த வண்டியையே பார்த்துக்கிட்டு நின்னீங்க." குரல் நின்று, மெஷினோடு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு வந்தது. "எப்போ சொல்லுவீங்கன்னுதான் நானும் காத்துக்கிட்டிருந்தேன்."

மேனேஜர் சத்தமில்லாமல் பின்வாங்கப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒட்டடை நின்றிருந்தான்.

"எங்கே சார் கிளம்பிட்டீங்க? போர்டுல இடம் மிச்சம் இருக்கா? கம்பியை இறுக்கச் சொல்லி ஆள் வந்தாலும் இறுக்க மாட்டோம்னு அதையும் எழுதிடுங்க. பெயின்ட் ஈரமாத்தான் இருக்கு."

"போலீஸ் இன்னொரு தடவை வரும்" என்றார் சர்வேயர் அமைதியாக. "இந்தத் தடவை டீச்சர் வண்டிக்கு இல்லை, உங்க ஆபீஸுக்கு. காலையிலேயே புகார் சொன்னவர் இங்கே உட்கார்ந்திருக்கார்."

தொப்பிக்காரர் தலையை ஆட்டினார். இப்போது அவருக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

டீச்சர் இது எதையும் கவனிக்கவில்லை. நாலாவது கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேபிள் நேராகக் கம்பத்தில் சொருகியிருந்தது.

"உங்களுக்கு இப்போ பெட்டி இல்லையா?"

"வாங்கணும்னு கடை வரைக்கும் போனேன்மா. கையில எடுத்தேன். வாங்க மனசு வரலை. திரும்பி வந்துட்டேன்."

டீச்சர் சர்வேயரிடம் கையை நீட்டினாள்.

"டீச்சர், அது சாட்சிப் பொருள்..." என்று ஆரம்பித்தான் ஒட்டடை.

"போட்டோ எடுத்தாச்சுல்ல? சும்மா இருடா" என்றார் சர்வேயர். பெட்டியைக் கொடுத்தார்.

டீச்சர் கம்பத்தின் சுவிட்சை அணைத்தாள். உள்ளே மெஷின் ஒரு தடவை கத்திவிட்டுத் தன் பேட்டரிக்கு மாறியது. கேபிளைப் பிடுங்கினாள். பெட்டியை அழுத்திச் சொருகினாள். கேபிளைப் பெட்டியில் மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி யோசித்துக்கொண்டிருந்தது.

அந்தக் காத்திருப்பில்தான் அது வந்தது. கம்பத்தின் முன்னால் நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல், டீச்சர் பேச ஆரம்பித்தாள்.

"குடை போச்சு. ஜாக்கி போச்சு. என் ஸ்வெட்டர் போச்சு. இப்போ இதுவா? ஒரு வார்த்தை சொன்னா என்னங்க? துணி துவைக்கிற இடம் என்ன வேற ஊர்லயா இருக்கு? கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே. கொடுக்காதீங்கன்னா சொல்லியிருப்பேன்? கொடுங்க, கொடுத்துட்டு நம்ம கேபிளையும் பிடுங்கி வைங்கன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதானே! அவ்வளவுதானேங்க! திட்டுவேன்னு பயந்தீங்களாக்கும். என்னிக்காவது திட்டி, என்னிக்காவது திருப்பி வாங்கிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேனா? காய்ச்சலோட எழுந்து போய்..."

குரல் உடைந்தது. கன்னத்தில் ஏதோ ஈரமாக இறங்கியது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட விரல் எரிந்தது, போன வாரம் வெட்டிக்கொண்ட இடம்.

ஒட்டடை ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவனே மூடிக்கொண்டான்.

டக்.

பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே மெஷின் கம்பத்துக் கரண்ட்டுக்குத் திரும்பியது. திரைக்குப் பின்னால் அந்த அம்மாள் நீளமாக ஒரு மூச்சு எடுத்து விட்டது வெளியே வரைக்கும் கேட்டது. டீச்சர் திட்டுவதை நிறுத்தவில்லை.